வால்வு மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: “எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சொட்டுநீர் போட்டு இரண்டு வருடத்திலேயே வால்வுகள் இறுகிவிட்டன. கரண்ட் போகும்போது குழாய் இணைப்பு விட்டுப்போகிறது. ஒரு வால்வு தோல் கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரத்தில், ஆள் இறங்கும் குழிக்குள் இருக்கிறது. நாங்களே மாற்றலாமா?”
– வாசகர், மேல்விஷாரம்.

பதில்: மற்ற வால்வுகளை நீங்களே மாற்றலாம். குழிக்குள் மட்டும் யாரும் இறங்க வேண்டாம்.

தோலில் முடி நீக்க சோடியம் சல்பைடு பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவு அமிலக் கழிவோடு கலந்தாலும், சேறாகத் தேங்கினாலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். இது காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். உடனே 112-ஐ அழையுங்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 பேர் இறந்ததை நம் பகுதி மறந்திருக்காது. கழிவு தேங்கும் இடத்தில் துணிச்சல் காட்டக் கூடாது.

அந்த வால்வை அப்படியே விட்டுவிடுங்கள். குழிக்கு முன்பாகவே குழாயை வெட்டி, குழியைச் சுற்றி மாற்றுக்குழாய் போட்டு, தரைக்கு மேலே புதிய வால்வு பொருத்துங்கள்.

வேலை தொடங்கும் முன் ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்விட்ச் இருந்தால், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடிவிடும். அடுத்து, பள்ளத்தில் உள்ள கடைசி வால்வைத் திறந்து குழாயில் நிற்கும் தண்ணீரை வடியுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் உண்டு. குழாய், வால்வு இரண்டும் உங்கள் நிலத்தின் அழுத்தத்தைத் தாங்கும் தரத்தில் இருக்கட்டும்.

மோட்டார் நின்றதும் தண்ணீர் திரும்பி வந்து இடிப்பதால்தான் இணைப்பு விடுகிறது. மோட்டாரை அடுத்து நான்-ரிட்டர்ன் வால்வு வையுங்கள். அதன் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். மேடான இடத்தில் ஏர் வால்வு வேண்டும். உரம் ஏற்றும் வென்சுரிக்கு முன்பும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு அவசியம். இல்லையென்றால் உரத் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். அதே கிணற்றில் குடிதண்ணீர் எடுக்கும் வீடுகள் நம் ஊரில் உண்டு.

உப்புத் தண்ணீருக்கு இரும்பைவிட பிளாஸ்டிக் வால்வு நல்லது. அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுக்கி, ஸ்பேனரால் லேசாக முடியுங்கள். அதிகம் இறுக்கினால் விரிசல் விடும். பசை போட்ட இணைப்பை ஒரு நாள் ஆறவிட்டுப் பிறகு மோட்டார் போடுங்கள்.

கேட் வால்வைப் பாதி திறந்து ஓட்டாதீர்கள். எந்த வால்வையும் மெதுவாகவே மூடுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை எல்லா வால்வுகளையும் முழுதாகத் திறந்து மூடினால் உப்பு இறுகாது.