திரைப்படக் கல்வியும் 60 ஆண்டுக் காத்திருப்பும்

திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் பயிலும் மாணவர்களுக்கு இணையம் பெரும் நூலகமாகிவிட்டது என்று சொல்லப்படுகிறது. அந்நூலகத்தில் எவர் எடுத்த படங்கள் திறந்து கிடக்கின்றன என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

2013இல் தொடங்கப்பட்ட இந்தியன்சினே.மா என்னும் ஆவணக்காப்பகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்து, குறிப்பிட்ட நொடியின் மீதே ஆய்வுக் குறிப்பு எழுத அது வழிசெய்கிறது. கட்டணம் இல்லை. மிகச் சிறந்த பணி, ஐயமில்லை. ஆயினும் அதன் கவனம் முதன்மையாகப் பதிப்புரிமை காலாவதியான பழைய படங்களின் மீதே உள்ளது. இந்தியச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் உரிமை அது வெளியானதற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும்.

இதன் விளைவு என்ன? 'அச்சுத் கன்யா' (1936), 'சுஜாதா' (1959) ஆகியவை இன்று பொதுவுடைமை. இரண்டிலும் நாயகி தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட பெண். நடித்தவர்களோ தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த தேவிகா ராணியும் நூதனும். ஒருத்தி ரயிலைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கிறாள். மற்றொருத்தி, தன்னை மகளாக ஏற்கத் தயங்கிய பார்ப்பன வளர்ப்புத் தாய்க்குக் குருதி கொடுக்கிறாள். மனிதராக மதிக்கப்படுவதற்கு நம் பெண்கள் செலுத்த வேண்டிய விலையாகவே தியாகம் அங்கே காட்டப்படுகிறது.

நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி'யும் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமா'ளும் இந்தத் திறந்த வெளிக்குள் வர இயலாது. 2018இல் வெளியான பின்னதன் உரிமை 2078 இறுதிவரை நீடிக்கும். இன்று இருபது வயதுள்ள மாணவர் அப்போது எழுபதைக் கடந்திருப்பார். பிறர் நம்மைக் காட்டிய படங்கள் இலவசம். நாம் நம்மைக் காட்டிய படங்களுக்குச் சந்தா.

படைப்பாளியின் உரிமையைப் பறிக்க வேண்டும் என்பதல்ல நம் வாதம். நம் இயக்குநர்களுக்கும் அவ்வுரிமை தேவை. ஆனால் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் ஆகியோருக்கு மட்டும் படம் திரையிடுவதையும் அது உரிமை மீறலாகக் கருதுவதில்லை. படத்தை இணையத்தில் பொதுவில் பதிவேற்றுவதற்கு இவ்விலக்கு பொருந்தாது. எனினும், கல்லூரித் திரையிடலைத் தடுக்க 'பதிப்புரிமை' என்ற ஒற்றைச் சொல்லை நிர்வாகம் நீட்டும்போது, மாணவர்கள் இப்பிரிவை எழுத்துப்பூர்வமாகச் சுட்டிக்காட்டலாம்.

பழைய படங்களின் மீது குறிப்பெழுதும் வசதியோ இன்றே இருக்கிறது. 'சுஜாதா'வின் குருதிக் கொடைக் காட்சிக்கு அருகே, தமிழில், நம் மாணவர் ஒருவரின் வாசிப்பு இடம்பெறலாம்.