மற்றவரின் காப்புறுதியை நம்பி விலையுயர்ந்த கார் ஓட்டலாமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து எமது வர்த்தகர்கள் இருவர் சந்தித்தால் கார் பேச்சுத்தான். என்ன மொடல், எவ்வளவு வரி, யாரிடம் வாங்கலாம் என்று ஆயிரம் விசாரணை. காப்புறுதி என்று வரும்போது மட்டும் ஒரே கேள்வி: எந்தக் கம்பனியில் பிரீமியம் குறைவு?

கோடிக்கணக்கில் கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவரும் இப்படியே கேட்பதுதான் வேடிக்கை. "நான் ஒழுங்காக ஓட்டுவேன், யாரும் வந்து மோதினால் அவனுடைய இன்சூரன்ஸ் கட்டும்" என்பது அவருடைய கணக்கு. இந்தக் கணக்கு எமது நாட்டில் சரிவராது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை. அந்தக் கட்டாயம் மனித உயிரையும் உடற்காயத்தையும் பற்றியது. அடிபட்ட ஏழைக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். உங்கள் போர்ஷேயின் பம்பரைக் காப்பாற்றுவதற்காக அது எழுதப்படவில்லை. மற்றவரின் உடைமைக்கு நேரும் சேதம் பொலிசியில் சேர்க்கப்பட்டிருந்தாலும், அதற்கு ஓர் உச்சத் தொகை போடப்பட்டிருக்கும். ஒரு சாதாரண வேனின் கதவைத் திருத்த அது போதும். கார்பன் பைபர் பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிய காருக்கு எந்த மூலைக்குப் போதும்? மிகுதியை மோதியவரிடம் வழக்குப் பேசித்தான் வாங்க வேண்டும். அவர் தவணைக்கு எடுத்த முச்சக்கரவண்டியில் பிழைப்பவராக இருந்தால், தீர்ப்புக் கிடைத்தாலும் பணம் கிடைக்காது.

பிற நாடுகளிலும் இந்தத் தலைவலி உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறர் உடைமைக்காகச் சாரதி வைத்திருக்க வேண்டிய ஆகக் குறைந்த காப்பு 2024 முடியும்வரை வெறும் 5,000 டொலர். 2025 ஜனவரியில்தான் அதை 15,000 ஆக்கினார்கள். போதிய காப்புறுதி இல்லாதவர் மோதிக் காயப்படுத்தினால் ஈடு தருவதற்கென்று அங்கே தனியாக ஒரு காப்பு விற்கப்படுகிறது. ஆனால் கார் நொறுங்கினால் அங்கும் பெரும்பாலும் கைகொடுப்பது சொந்தப் பொலிசிதான். பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே உடைமைச் சேதத்துக்கே 12 இலட்சம் பவுண் வரை காப்பு கட்டாயம்.

ஆக, இங்கே விலையுயர்ந்த காருக்கு ஒரே பாதுகாப்பு உரிமையாளரின் சொந்த முழுக் காப்புறுதி. அதிலும் ஓட்டை இருக்கிறது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், இரண்டு மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. இறக்குமதியும் நின்றிருந்ததால் பழைய கார்களின் விலையும் எங்கேயோ போய்விட்டது. பொலிசியில் எழுதிய பெறுமதியைப் பலர் மாற்றவே இல்லை. பிரீமியம் கூடிவிடும் என்ற பயம்.

அதன் விளைவைப் பாருங்கள். உங்கள் காரின் சந்தை விலை 2 கோடி, நீங்கள் காப்புறுதி செய்திருப்பது 1 கோடி 20 இலட்சத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். விபத்தில் சேதம் 20 இலட்சம். "1 கோடி 20 இலட்சத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, 20 இலட்சம் தரமாட்டார்களா?" என்று நினைப்பீர்கள். காப்புறுதிக்காரர்கள் 'எவரேஜ்' என்று சொல்லும் நிபந்தனை பொலிசியில் இருந்தால், நீங்கள் காப்பிட்டது நூற்றுக்கு அறுபது, ஆகவே தருவதும் நூற்றுக்கு அறுபது. 12 இலட்சம் கைக்கு வரும், 8 இலட்சம் உங்கள் பொக்கெட்டிலிருந்து போகும். தகாபுல் முறையில் எடுத்தவரும் தமது பத்திரத்தில் இந்த நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

அதற்காகப் பெறுமதியைக் கண்டபடி கூட்டி எழுதுவதும் வீண். விபத்து நடந்த நாளின் சந்தை விலைக்கு மேல் சாதாரணப் பொலிசி தராது. கூடுதல் பிரீமியம் கட்டியதுதான் மிச்சம். சந்தையில் இரண்டு மூன்று மட்டுமே ஓடும் அபூர்வமான கார்களுக்குச் சந்தை விலை என்பதே தகராறுக்குரிய விடயம். அவற்றுக்கு மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு போய், பெறுமதியை முன்கூட்டியே இரு தரப்பும் இணங்கி எழுதிக்கொள்ள முடியுமா என்று கம்பனியிடம் கேட்பது நல்லது.

இனி, ஸ்போர்ட்ஸ் காருக்கும் தமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கும் கடைக்காரருக்கு வருவோம். உண்மையில் அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான். அவருடைய டெலிவரி லொறி புறக்கோட்டையிலிருந்து திரும்பும்போது லம்போகினி ஒன்றின் பின்பக்கத்தில் மோதினால், உடைமைச் சேதத்துக்கான உச்சத் தொகை தாண்டிய அத்தனையும் அவர் தலையில் விழலாம். ஓட்டியது சம்பளச் சாரதி என்று தப்ப முடியாது. தமது வேலைக்காக ஓட்டிய சாரதியின் கவனயீனத்துக்கு முதலாளியும் பொறுப்பாளி என்பது இந்நாட்டுச் சட்டம். சில ஆயிரம் ரூபா கூடுதலாகப் போனாலும் அந்த உச்சத் தொகையை உயர்த்திக்கொள்ளும்படிதான் நான் சொல்வேன். வருடக் கணக்காகச் சேர்த்த முதலை ஒரு சந்தியில் இழப்பதைவிட அது இலாபம்.

இன்னொரு பழக்கமும் எம்மிடம் உண்டு. மோதியதும் வீதியிலேயே பேசி, "பரவாயில்லை, எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று கடிதம் கொடுத்துவிடுவது. பெருந்தன்மை நல்லதுதான். ஆனால் மோதியவரிடம் பணத்தை அறவிடும் உங்கள் கம்பனியின் உரிமையை அந்தக் கடிதம் கெடுத்துவிடும். அதைக் காட்டி உங்கள் கோரிக்கையையே கம்பனி மறுக்கலாம். கையெழுத்து வைக்குமுன் கம்பனிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். அடுத்த முறை பொலிசியைப் புதுப்பிக்கும் கடிதம் வரும்போதும், பிரீமியத் தொகையைப் பார்க்குமுன் வாகனத்தின் பெறுமதி, உடைமைச் சேத உச்சத் தொகை, 'எவரேஜ்' நிபந்தனை ஆகிய மூன்றையும் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை மதிப்பீட்டாளர் ஏற்றுக்கொள்ளமாட்டார்.