வழக்கா, குறைபாடா?

பேச்சு, மொழி, செவித்திறன் குறைபாடுகளைப் பயிலும் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு இந்தியாவில் ஆங்கிலவழியிலேயே நடைபெறுகிறது. உள்ளகப் பயிற்சியில் மாணவர் முன் வந்து அமர்வதோ பெரும்பாலும் ஆங்கிலம் பேசாத குழந்தை.

இதை வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் என்போர் அடிப்படையையே தவறவிடுகின்றனர். இந்தியில் 'பல்' என்றால் கணம். அதன் முதல் ஒலியை மூச்சழுத்தத்துடன் சொன்னால் பழம். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பொருளை மாற்றாது. ஆகவே ஆங்கிலச் சோதனை அதைத் தேடாது. உண்மையான குறை கண்ணில் படாமலே போகும்.

பிழை எதிர்த்திசையிலும் நேரும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்னும் தமிழ்க் குழந்தையின் வீட்டில் எல்லோரும் அப்படியே சொல்லக்கூடும். அது வட்டார வழக்கு, குறைபாடன்று. அதற்குச் சிகிச்சையளிப்பது நலமான நாவை நோயாளியாக்குவதாகும்.

இந்திய மொழிகளுக்கான சோதனைகள் உருவாகியிருப்பது உண்மையே. கருவி மட்டும் போதாது. வழக்கையும் குறையையும் பிரித்தறியும் செவி வேண்டும். அச்செவியை வளர்ப்பது மொழியியல். தேர்வோடு மறக்கப்படும் ஒரு தாளாக அதைச் சுருக்கினால், பட்டம் கிடைக்கும்; குழந்தையின் பேச்சைக் கேட்கும் தகுதி கிடைக்காது. இந்திய மொழிகளின் ஒலியமைப்பும் வட்டார வழக்குகளும் நான்காண்டும் பயிற்றப்பட வேண்டும்.