முத்திரையைப் பெயர் என்பதா?

பழைய ஜெர்மன் பியர் குவளைகளை விற்பவர்கள் ஒரு பொய்யை இன்னும் விட்டபாடில்லை. நான் சொல்வது, மனிதத் தலை, பன்றி, முள்ளங்கி, மண்டையோடு என்று உருவமாகவே வார்த்து, மேல்பகுதியை வெள்ளீயக் கீல் போட்ட மூடியாக்கிய பீங்கான் குவளைகளை. (பியருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, பார்க்கத்தான் பிடிக்கும்.) பலவற்றின் அடியில் 'முஸ்டர்ஷுட்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். உடனே, 'தயாரிப்பாளர்: முஸ்டர்ஷுட்ஸ்' என்று விலைச்சீட்டு எழுதிவிடுகிறார்கள்.

அது கம்பெனியே அல்ல ஐயா! முஸ்டர் என்றால் மாதிரி, ஷுட்ஸ் என்றால் பாதுகாப்பு. இந்த வடிவத்தைப் பிறர் காப்பியடிக்கக் கூடாது என்ற அறிவிப்பு. ஜெர்மனியில் 1876-இல் அதற்குச் சட்டமே வந்தது. பிரெஞ்சுச் சாமான்களில் 'தெபோசே' என்று இருக்குமே, அதே சங்கதி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாம் யாராவது 'முசியே தெபோசே' என்று ஒரு தொழிலாளியைத் தேடினோமா? 'தபால் பெறப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையைப் பார்த்து, அதையே மனுதாரர் பெயராகப் பதிவேட்டில் ஏற்றும் எழுத்தருக்கு எங்கள் ஆபீசில் மெமோதான் கிடைத்திருக்கும்.

அந்தக் குவளைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தது துரிங்கியாவில் பிளாவே என்ற சிற்றூரின் ஷீர்ஹோல்ட்ஸ் பட்டறை. 1817-இல் தொடங்கியது. மூனிக்காரர்கள் பியரோடு முள்ளங்கியைச் சீவித் தின்பார்கள். அந்த முள்ளங்கிக்கே அழுமூஞ்சி வைத்துக் குவளையாக்கினார்கள் இந்த மனிதர்கள். சிலவற்றில், குடித்து முடித்து வெளிச்சத்தில் தூக்கினால் அடிப்பீங்கானில் ஒரு படம் தெரியும். கனமாக இருக்கும் இடம் நிழல், மெல்லிய இடம் வெளிச்சம். அப்படிச் செதுக்கத் தெரிந்த கைகளின் புகழ் ஒரு சட்டச் சொல்லுக்குப் போகிறது.

அடியில் நங்கூரக் குறி இருந்தால் அது வேறு வீடு: ருடோல்ஸ்டாட் ஊர் எர்ன்ஸ்ட் போனே. புத்தகத்தின் மேல் உட்கார்ந்த மண்டையோடு அவர்களுடையது.

போருக்குப் பின் பிளாவே கிழக்கு ஜெர்மனிக்குள் போயிற்று. அமெரிக்கச் சேகரிப்பாளர் அங்கே போய் விசாரிப்பது லேசல்ல. அந்தக் காலத்துத் தவறை மன்னிக்கலாம். 1990-இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு என்ன சாக்கு? "பெயரில் என்ன இருக்கிறது, பொருள் அதேதானே" என்பார்கள் சிலர். விலையை மட்டும் கடைசிக் காசு வரை சரியாக எழுதுகிறார்களே! அதே பேனாவால் தயாரிப்பாளர் பெயரையும் சரியாக எழுதட்டும். தெரியவில்லையா, அந்த இடத்தைக் காலியாக விடட்டும்.