உண்மை எழுதியவனுக்குத் தண்டனையா?

எங்கள் தெருப் பையன் மூன்று வருடம் பாரீசில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தான். திரும்பி வந்து பரீட்சை எழுதி அரசு வேலைக்குத் தேர்வானான். அட்டெஸ்டேஷன் படிவத்தோடு என்னிடம் வந்தான். "தாத்தா, பாரீசை எழுதலாமா? மாமா வேண்டாம் என்கிறார்."

அந்தப் படிவங்களைப் பல வருடம் சரிபார்த்த குமாஸ்தா நான். 21 வயதுக்குப் பின் வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்களை எல்லாம் எழுதச் சொல்கிறது படிவம். மறைத்தால் தகுதியிழப்பு என்று எச்சரிக்கவும் செய்கிறது. "எழுதுடா" என்றேன். எழுதினான்.

எட்டு மாதமாகக் கோப்பு தூங்குகிறது. நம் தெருவில் போலீஸ் விசாரித்தாயிற்று; பாரீசில் யாரைக் கேட்பது என்று தெரியவில்லையாம்!

விசாரணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரகசியக் கோப்பு புரளும் நாற்காலிக்கு ஆளைத் தெரிந்துதான் வைக்க வேண்டும். ஆனால் எல்லை தாண்டிப் பிழைத்தது குற்றமா? 1954 வரை புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போனாலே எல்லை தாண்டியதுதான். 1962-க்குப் பிறகு அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஒரே வீட்டில் சாப்பிட்ட ஊர் இது.

சந்தேகமா? எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டும் பாஸ்போர்ட் முத்திரையும் அவனிடம் இருக்கின்றன. பதிலுக்கு ஒரு கெடு வையுங்கள். இல்லையென்றால் அடுத்த பையன் மாமா பேச்சைத்தான் கேட்பான்.

இப்போது அவன் எதிரே வந்தால் தலை குனிவது நான்தான்.