கடதாசிப் பூவுக்கு விலை உண்டா?



ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். ரொபித் தாளையும் பூவாக மடித்துவிடுவார். ஆசிரியர் தினம் வந்தால் வாழ்த்து மட்டை செய்யும் வேலை தானாகவே அவரிடம் போய்ச் சேரும். இல்ல விளையாட்டுப் போட்டி, சரஸ்வதி பூசை, ஒளிவிழா எதுவாயினும் கத்தரிக்கோலும் பசையுமாக அவர்தான் முன்னுக்கு நிற்பார். இதை வாசிக்கும் நீங்களே அவராகவும் இருக்கலாம்.

அப்படியானால் இரண்டு விதமான அறிவுரைகளைக் கேட்டிருப்பீர்கள். ஒன்று, "கடதாசி வெட்டி என்ன காணப்போகிறாய்? படிக்கிற வேலையைப் பார்" என்பது. மற்றது, "உனக்கு நல்ல கைத்திறன் இருக்கிறது, கலியாண அழைப்பிதழ் செய்து விற்றாலே பிழைக்கலாம்" என்பது. முதலாவதைச் சொல்பவர்கள் கையை மதிப்பதில்லை. இரண்டாவதைச் சொல்பவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. என்னுடைய கருத்து இதுதான்: கடதாசி வேலையில் உள்ள விருப்பம் ஒரு நல்ல தொழிலாக வளரலாம். ஆனால் உங்கள் கை உழைத்த நேரத்துக்கு விலை எழுதப் பழகும் நாளில்தான் அது தொழிலாகும். அதுவரை அது பிறருக்குச் செய்யும் உதவி மாத்திரமே.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டு, சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதங்கள் இருக்கையில், அயல்வீட்டு மாமியின் மகளுடைய பூப்புனித நீராட்டு விழாவுக்கு 120 அழைப்பிதழ்களை நானே செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் மஞ்சள் கடதாசியில் ஒரு சிறிய பூ. பதினொரு இரவுகள் விழித்திருந்தேன். கடைசி நாளில் மாமி ஒன்றை எடுத்து வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். விழா நடக்கவிருந்தது ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. நான் எழுதியிருந்ததோ "12.07.2004 ஞாயிற்றுக்கிழமை". பன்னிரண்டாந் திகதி திங்கட்கிழமை. நூற்றிருபது மட்டைகளிலும் துண்டுத்தாள் ஒட்டித் திருத்தினேன். வேலை முடிந்ததும் மாமி ஒரு சட்டைத் துணி தந்தார். "நீ எங்கட வீட்டுப் பிள்ளை, உன்னோட காசுக் கணக்குப் பார்க்கிறதோ?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு நான் எடுத்த 38 புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அழைப்பிதழ்களுக்கு உண்மையில் விலை கொடுத்தவள் நான்தான்.

அதன்பின் பல வருடங்கள் நான் பசைப் போத்தலைத் தொடவில்லை. திறமை குறைந்ததனால் அல்ல, கணக்குத் தெரியாததனால் ஒரு நல்ல விருப்பத்தைக் கைவிட்டேன். என் மாணவர்களுக்கு, சிறப்பாக மாணவிகளுக்கு, அது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு முன்னோடி

அமெரிக்காவின் வூஸ்ரர் என்னும் நகரில் 1828இல் பிறந்தவர் எஸ்தர் ஹவ்லண்ட். 1847இல் அவர் கல்வியை முடித்த காலத்தில், இங்கிலாந்தில் செய்யப்பட்ட அழகிய காதலர் தின மட்டையொன்று அவருக்கு வந்தது. மட்டையைப் பார்த்து மயங்கி நின்றுவிடாமல், 'இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியும்' என்று அவர் எண்ணினார். அவருடைய தந்தை எழுதுபொருட்கள் விற்பவர். அவர் மூலம் சரிகைப் பூவேலைத் தாள்களை வருவித்து, முதலில் சில மாதிரிகளை மாத்திரம் செய்தார். அவற்றைச் சகோதரர் தமது வியாபாரப் பயணத்தில் எடுத்துச் சென்றார். 200 டொலருக்கு ஓடர் கிடைத்தாலே போதும் என்று வீட்டார் எதிர்பார்த்திருக்க, 5,000 டொலருக்கு மேற்பட்ட ஓடர் வந்ததாக அவரது வரலாற்றில் சொல்லப்படுகிறது.

அத்தனையையும் அவர் தனியே செய்ய முற்படவில்லை. தோழியரை வீட்டு மேல்மாடிக்கு அழைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவர் வெட்டுவார், ஒருவர் பின்னணி ஒட்டுவார், ஒருவர் பூ வைப்பார். வணிகப் பாடத்தில் 'வேலைப் பிரிப்பு' என்று நீங்கள் படிப்பது இதுதான். மட்டையின் பின்புறத்தில் தமது பெயரின் முதலெழுத்தைச் சிவப்பு மையில் இட்டார். அது அவருடைய வணிகக் குறியாயிற்று. 1880களின் தொடக்கத்தில் வளர்ந்த ஒரு நிறுவனமாகவே அதை விற்றுவிட்டு ஓய்வு பெற்றார்.

அவரைப்போல் அழகாக மடிக்கத் தெரிந்த பெண்கள் அந்நகரில் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். அவரை வேறுபடுத்தியவை மாதிரி காட்டி ஓடர் பெற்ற பின்பே செய்தமை, வேலையைப் பிரித்தமை, தன் பெயரை இட்டமை ஆகிய மூன்றுமே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நூறு அழைப்பிதழ்களுக்கு ஓடர் வந்துள்ளது என்று வைத்துக்கொள்வோம். கீழேயுள்ள விலைகள் உதாரணத்துக்கு மாத்திரமே. உங்கள் ஊர்க் கடையில் விசாரித்து உங்கள் கொப்பியில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஏ4 மட்டைத் தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் இரண்டு அழைப்பிதழ்கள் கிடைக்கும். ஆகவே 50 தாள்கள் தேவை. பழுதாகக்கூடியவற்றுக்காக இன்னும் ஐந்து.

மட்டைத் தாள் 55 × 40 ரூபா = 2,200
கடித உறை 105 × 15 ரூபா = 1,575
உள்ளே ஒட்டும் அச்சுத் தாள் 105 × 10 ரூபா = 1,050
நாடா, பசை, மணி முதலியன = 675
மூலப்பொருட் கிரயம் = 5,500 ரூபா

பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒன்றுக்கு 55 ரூபா முடிகிறது, 70 ரூபாவுக்குக் கொடுத்தால் 1,500 ரூபா இலாபம் என்று மகிழ்கிறார்கள். ஆனால் கடைக்குப் போன பேருந்துக் காசு, தொலைபேசிச் செலவு, மழுங்கிப்போன கத்தி அலகு ஆகியவற்றுக்கு 500 ரூபா என்று வைத்தால், மிஞ்சுவது 1,000 ரூபா. ஓர் அழைப்பிதழுக்கு 9 நிமிடம் எடுத்தால் நூற்றுக்கு 900 நிமிடங்கள், அதாவது 15 மணித்தியாலங்கள். ஆயிரத்தைப் பதினைந்தால் வகுத்துப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 67 ரூபா கூட முழுதாக வரவில்லை.

சரியான கணக்கு வேறு. கைக்கூலியை மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்று வைத்தால் 3,000 ரூபா. மூலப்பொருள் 5,500, ஏனைய செலவு 500, கூலி 3,000 ஆக மொத்தக் கிரயம் 9,000 ரூபா. அதன்மேல் 20 சதவீத இலாபம் 1,800. விற்பனை விலை 10,800 ரூபா. ஓர் அழைப்பிதழ் 108 ரூபா.

கூலியும் இலாபமும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். கூலி இன்று நீங்கள் உழைத்ததற்கானது. இலாபம் நாளை நல்ல வெட்டுக்கருவி வாங்கவும், ஓர் ஓடர் பிழைத்தால் தாங்கவும் உதவுவது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று நம்மவர் சொல்வதுண்டு. கணக்குப் பார்க்காமல் உழுதாலும் உழக்கு மிஞ்சப்போவதில்லை. மிஞ்சவில்லை என்பது தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

எழுத்துக்கும் பொறுப்பு உண்டு

அழைப்பிதழில் பூ பிழைத்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பெயர் பிழைத்தால் உறவே பிழைக்கும். திகதி பிழைத்தால் விருந்தினர் வெறும் மண்டபத்துக்கு வந்து திரும்புவார்கள்.

தமிழ் வருடப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் நடந்த திருமணத்துக்குக் குரோதி வருடம் என்று எழுத வேண்டும். அதே மாதக் கடைசியில் நடந்ததற்கு விசுவாவசு வருடம். இடையில் சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டது. வாக்கிய பஞ்சாங்கம் பார்க்கும் வீடும் உண்டு, திருக்கணித பஞ்சாங்கம் பார்க்கும் வீடும் உண்டு. நட்சத்திரம், முகூர்த்த நேரம் ஆகியவற்றை அந்த வீட்டாரிடமே எழுத்தில் வாங்க வேண்டும். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களின் அழைப்பிதழ் மரபுகள் வேறு. அவற்றையும் கேட்டறிய வேண்டும். எனவே முழு ஓடரையும் செய்வதற்கு முன் ஒரு பிரதியைக் கொடுத்து, வீட்டாரை வாசிக்கச் செய்து, 'சரி' என்று கையொப்பம் வாங்குங்கள்.

1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுகநாவலரின் பதிப்புகள் இன்றும் மதிக்கப்படுவதற்குக் காரணம் அவற்றின் பிழையின்மை. ஒப்புநோக்குதல் நம் மண்ணில் பழைய ஒழுக்கம். தமிழ்மொழிப் பாடத்தில் எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்கும்போது எங்களைக் கோபிக்கும் பிள்ளைகளே, இந்தத் தொழிலில் புள்ளி குறைப்பவர் வாடிக்கையாளர். அவர் மறுபடி வரவும் மாட்டார்.

இரண்டு ஆட்சேபங்கள்

"இப்போது எல்லாம் கைபேசியில் அழைக்கிறார்கள், கடதாசி எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தூரத்து உறவினருக்கும் வெளிநாட்டில் உள்ளோருக்கும் கைபேசியே போதும். ஆயினும் பெரியவர்களை வீட்டுக்குச் சென்று அழைக்கும் வழக்கம் நம்மிடம் மறையவில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழைக் கைபேசியில் கொடுக்க முடியாது. ஐந்நூறு கேட்டவர் இன்று நூறு கேட்கலாம். அந்த நூறு அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புவார். எண்ணிக்கையில் அச்சகத்தோடு உங்களால் போட்டியிட முடியாது. சிறிய எண்ணிக்கையில், கைவேலையில் உங்களுக்கு இடமிருக்கிறது.

"சொந்தக்காரரிடம் எப்படிக் காசு கேட்பது?" என்பது மற்றக் கேள்வி. வாயால் கேட்கக் கூச்சமாயின் தாளில் எழுதிக் கொடுங்கள். பொருட்செலவு, கூலி, கொடுக்கும் திகதி, அரைவாசி முற்பணம் என்பன அதில் இருக்கட்டும். மிகவும் வேண்டியவருக்குக் கூலியில் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் விட்டுக்கொடுத்த தொகையையும் தாளில் எழுதுங்கள். கொடுத்தது இன்னதென்று இருவருக்கும் தெரியட்டும்.

இந்தத் தொழிலுக்குப் பருவம் உண்டு என்பதையும் மறக்கலாகாது. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணங்கள் அருமை. தையிலும் ஆவணியிலும் ஓடர்கள் ஒன்றாக வந்து குவியும். தாளின் விலையும் நிலையானதன்று. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. ஆகவே நீங்கள் சொல்லும் விலை எத்தனை நாட்களுக்குச் செல்லும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது

பரீட்சை முடியும்வரை ஓடர் எதுவும் எடுக்க வேண்டாம். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் கிடைக்கும் நாட்களில் ஐந்து மாதிரிகள் செய்யுங்கள். மட்டையை மடிக்குமுன் மை முடிந்த பேனாவால் அளவுகோலோடு அழுத்திக் கோடிட்டால் மடிப்பு வெடிக்காது. தாளின் நார் ஓடும் திசையில் மடித்தால் இன்னும் நன்று. ஒவ்வொரு மாதிரிக்கும் எடுத்த நிமிடங்களை அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் முதற் கணக்குப் புத்தகம்.

பெறுபேறு நன்றாக வந்து உயர்தரம் படிப்பவருக்கு இது கைச்செலவுக்கு உதவும். எதிர்பார்த்தபடி வராதவருக்கும் கதவு அடைபடவில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் உள்ளன. பதினெட்டு வயதானபின் ஒரு வணிகப் பெயர் வைத்துப் பிரதேச செயலகத்தில் பதியலாம். கையால் உழைப்பது படிக்காதவரின் கடைசிப் புகலிடம் என்ற எண்ணத்தை மாத்திரம் விட்டுவிடுங்கள். தமிழும் கணிதமும் வணிகமும் சித்திரமும் ஒரே மேசையில் கூடும் வேலை இது.

கடதாசிப் பூவுக்கு மணமில்லை என்பார்கள். விலை உண்டு. அதை முதலில் எழுத வேண்டியவர் நீங்கள்தான்.