சதுக்கத்தில் யார் பெயர் இருக்கிறது?

பினாங்குக்கு வந்துபோகும் நம் இலக்கிய நண்பர்களின் பயணக் கட்டுரைகளை வாசித்து எனக்கு அலுத்துவிட்டது. பாடாங் கோத்தா லாமா திடலில் நின்றதும் எல்லாருக்கும் ஐரோப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை, இன்னொரு பக்கம் 1880-இல் திறந்த டவுன் ஹாலும் 1903-இல் முடிந்த சிட்டி ஹாலும். 'அப்படியே பிளாரன்ஸ் மாதிரி இருக்கு' என்று ஒரு வரி, நாலு படம், கடைசியில் நாசி கண்டார். கட்டுரை முடிந்தது.

அழகுதான், மறுக்கவில்லை. 2008-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலக மரபுப் பட்டியலில் சும்மா சேர்க்கவில்லை. ஆனால் திடலைச் சுற்றி நடந்தால் என் கண்ணில் படும் பெயர்கள் எவை? கோட்டைக்கு கவர்னர் ஜெனரல் பெயர். மணிக்கூண்டுக்கு விக்டோரியா ராணி பெயர். அதற்குக் காசு கொடுத்த சியா சென் இயோக் பெயரும் உண்டு. சரி, கல் சுமந்தவன் பெயர்?

1790-களிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கைதிகளைக் கப்பலேற்றி இங்கே இறக்கியது. ரோடு போட்டது அவர்கள். மரக்கோட்டையைச் செங்கல் கோட்டையாக்கியது அவர்கள். பக்கத்திலேயே 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அவர்கள் உழைப்பு. ஆயுள் கைதியின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849-இல்தான் ஒழிந்தது.

'முகம் தெரியாத ஆளுக்கு என்னய்யா நினைவுச்சின்னம்?' என்பார்கள். பிரான்சிஸ் லைட்டுக்கு மட்டும் முகம் தெரியுமா? அவர் படம் கிடைக்காமல் மகன் வில்லியமின் சாயலில்தான் 1936-இல் சிலை வைத்தார்கள். வேண்டியவர் என்றால் முகத்தைக்கூட கடன் வாங்கிக் கொடுக்கலாம்.

உடனே 'பினாங்கைக் கட்டியது தமிழன்' என்று கொடி தூக்க வேண்டாம். வங்காளம், மதராஸ், பம்பாய் மூன்று மாகாணங்களிலிருந்தும் கைதிகள் வந்தார்கள். செத்தவர்களை நம் பெருமைக்கு வாடகைக்கு எடுக்காதீங்க.

நான் சிலை கேட்கவில்லை. அடுத்த முறை கோட்டைச் சுவரை வர்ணிக்கும்போது, அதை அடுக்கியவன் கைதி என்று ஒரு வரி எழுதுங்கள். இன்றைக்கு இதே தீவில் அடுக்குமாடி எழுப்பும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளிகளைப் பார்க்காமல் கடந்துபோகிறோமே, அந்தப் பழக்கம் இந்தத் திடலில்தான் தொடங்குகிறது.